மூன்று ராணி ரூபாயும் ஒரு சோடி வெள்ளிக்கண்ணும்

இதை எழுதவென்று முதல் வாங்கிய கொப்பியைப் பேரப்பிள்ளைகள் கிழித்துக் கப்பல் விட்டார்கள். இரண்டாவது கொப்பியைக் கறையான் தின்றது. இரண்டும் சாட்டு என்று எனக்குத் தெரியும். எழுத மனம் இருந்தவனுக்குத் தாள் கிடைக்காமல் போகுமா? வெட்கம்தான் இத்தனை வருடமும் என் கையைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது அந்தக் கதையில் வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் போனால் இதைச் சொல்ல ஆள் இராது என்பதால் எழுதுகிறேன்.

வெளிநாட்டு வெள்ளிக்காசு சேர்க்கிற தம்பிமார், தங்கச்சிமார் சிலர் கைபேசியில் எனக்குப் படம் அனுப்பி, “ஐயா, இது நல்ல காசோ? என்ன பெறும்?” என்று கேட்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். நிறை, ஓரம், அச்சுக்குறி பற்றியெல்லாம் படித்தவர்கள் எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை வாங்கிப் படியுங்கள். அவற்றில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். அதை நான் கற்றுக்கொண்டது நயினாதீவு அம்மனுக்குப் போகவிருந்த ஒரு காசினால்.

நான் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்துக் கரம்பொன்னில் இருந்து சைக்கிளிலும் படகிலும் தீவு தீவாகத் திரிந்து காசு வாங்கினவன். மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர்களின் தகரப் பெட்டிகளில் டொலர் கிடக்கும். கிணறு இறைக்கிற இடத்தில் ஒல்லாந்தர் காசு வரும். கடையில் மாறாத காசை நான் நல்ல காசு கொடுத்து வாங்குவதால் சனம் எனக்குச் ‘செல்லாக்காசர்’ என்று பெயர் வைத்திருந்தது. ஒருவரும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவி கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஊர்காவற்றுறையில் ஒரு பத்தர் இருந்தார். நகை செய்பவரை எங்கள் பக்கம் பத்தர் என்போம். உருக்க வருகிற பழைய வெள்ளிக்குள் எனக்குத் தேவையான காசு ஏதாவது கிடக்குமா என்று கிழமைக்கு ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். அன்று காலையில் நான் போனபோது அவர் உமி நெருப்பை மூட்டி, வெள்ளி உருக்குகிற மூசையை அதற்குள் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டை. சிரட்டைக்குள் அப்பளம்போல அகலமாக ஒரு காசு.

“பத்தர், அதென்ன சிரட்டைக்குள்ளை?”

“அனலைதீவுப் பூரணம் கொண்டுவந்து தந்தவ. புருசன் கந்தையருக்குக் கண் தெரியேல்லை. வெள்ளியிலை ஒரு சோடி கண் அடிச்சு நயினாதீவு அம்மாளாச்சிக்குப் போடுறதெண்டு நேர்த்தி.”

“ஒருக்காப் பாக்கட்டே?”

“பாரும். ரெண்டு பனை நிக்குது. நடுவிலை ரெண்டு பனங்காய். கீழை கடல். உது நெடுந்தீவிலை அடிச்ச காசோ?”

நான் கையில் எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பினேன். பனை என்று அவர் சொன்னவை இரண்டு தூண்கள். பனங்காய்கள் இரண்டும் இரண்டு உலக உருண்டைகள். அவற்றுக்கு மேலே ஒரு முடி. ஸ்பெயின் ராசாவுக்காக மெக்சிக்கோவில் அடித்து, கப்பல் கப்பலாகக் கிழக்கே வந்த காசு. புத்தகத்தில் படமாகப் பார்த்து நான் எச்சில் விழுங்கிய காசு. அது சிரட்டையில் கிடக்கிறது, பக்கத்தில் நெருப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

தம்பிமாரே, அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மூளை வேலை செய்யும் என்று நினைக்கிறீர்கள்? தரையில் ஒருமுறை போட்டேன். சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்டது. சாணி மெழுகின தரை, அதுதான் அமுக்குகிறது என்று எனக்கு நானே சொன்னேன். பத்தரின் தராசில் வைத்தேன். பழைய இந்திய வெள்ளி ரூபாயில் இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நிறை சரி. என் மடியில் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் மூன்று இருந்தது. அதைச் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“பத்தர், இந்த மூண்டையும் உருக்கும். இது எனக்கு.”

“விசரோ உமக்கு? அவ தந்த வெள்ளியிலைதான் செய்யவேணும்.”

“வெள்ளி வெள்ளிதானே. உருகினாப் பிறகு எது ஆற்றை வெள்ளியெண்டு ஆருக்குத் தெரியும்?”

“அம்மாளுக்குத் தெரியும்.”

“தெரியட்டும். அம்மாளுக்கு அரை ரூபாய்க்கு மேலை லாபம்.”

பத்தர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். அவரும் பக்திமான். அம்மனுக்கு நட்டம் என்றால் உயிர் போனாலும் சம்மதித்திருக்க மாட்டார். லாபம் என்றதும் அவருக்கும் மறுக்க ஒரு நியாயம் கிடைக்கவில்லை. “அப்பிடியெண்டால் கண்ணைக் கொஞ்சம் பெரிசா அடிக்கலாம்” என்றார். மூன்று ராணிகளும் மூசைக்குள் முகம் கலைந்து ஒன்றானார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் நயினாதீவுக்குப் படகேறினேன். பூரணமக்கா குளித்து முழுகி, ஈரத் தலையோடு வந்து, அந்தக் கண் இரண்டையும் தட்டத்தில் வைத்துக் கொடுத்தா. பத்தர் சொன்னபடியே பெரிதாக அடித்திருந்தார். மனிதக் கண்போல இல்லை. ஆந்தைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. அக்கா என்னைக் கண்டதும், “தம்பி, நீரும் இவருக்காகக் கும்பிடும்” என்று வாழையிலையில் பொங்கல் தந்தா. நான் கும்பிட்டேன். பொங்கலையும் தின்றேன். அந்தப் பொங்கலை நினைத்தால் இன்றைக்கும் விக்கல் வரும்.

கந்தையா அண்ணைக்குக் கண் ஏன் அவ்வளவு தேவை என்று இங்கே சொல்லவேண்டும். அனலைதீவில் அவர் கும்பிடுகிற கோயிலில் வருடா வருடம் புராணம் படிப்பவர் அவர். அவர் பாட்டைப் படிக்க, பக்கத்தில் இருக்கிற வாத்தியார் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார். அந்தக் கதிரை அவருடைய தகப்பனார் இருந்த கதிரை. கண்ணில் வெள்ளை விழுந்து இரண்டு வருடமாகியும் அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடத்தில் படித்தார். மனப்பாடம் சில இடத்தில் அறுந்துபோகும். அப்போது எந்தப் பாட்டு வாயில் வருகிறதோ அதைப் படிப்பார். ஒருநாள் ஒரே பாட்டை மூன்று தரம் படித்துவிட்டார். வாத்தியார் நல்ல மனுசன். மூன்று தரமும் மூன்று விதமாகப் பயன் சொல்லி மானத்தைக் காப்பாற்றினார். அடுத்த வருடப் புராணத்துக்கு முன் கண் தெரியாவிட்டால் கதிரை வேறொருவருக்குப் போய்விடும். அது போனால் அவர் படுத்துவிடுவார் என்று அக்கா பயந்தா. நேர்த்தி வைத்தது அதற்குத்தான்.

நான் அந்தக் காசைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு கிழமை படுத்தேன். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கண் டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வெளிநாட்டுக் காசு சேர்க்கிறவர். என்னிடம் பல காசு வாங்கியிருக்கிறார். சண்டை நடந்த அந்த நாட்களில் பாதை ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. அன்று ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் படகு எடுத்துப் போகவேண்டியிருந்தது. துறையில் இயக்கப் பொடியன்மாரின் சோதனை. சோதித்தவர் என் மடிப்பையிலிருந்து காசை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன வரைபடம்?”

“வரைபடமில்லைத் தம்பி, பழைய காசு.”

“கடல் கிடக்கு. ரெண்டு உலகம் கிடக்கு. இந்தத் தூண் ரெண்டும் எந்த இடம்?”

“ஸ்பெயின் பக்கம்.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ராசா.”

“பேர்?”

“பிலிப்பு.”

அவர் கொப்பியை எடுத்து எழுதினார். “பிலிப்பைக் கடைசியா எப்ப கண்டனீர்?”

“அவர் செத்து இருநூறு வருசத்துக்கு மேலை, தம்பி.”

“அப்ப இந்தக் காசு இப்ப ஆற்றை?”

‘என்ரை’ என்று சொன்னால் விட்டுவிடுவார். வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீன்காரர் இருமினார். “அனலைதீவிலை ஒருத்தற்றை” என்று சொல்லிவிட்டேன். சோதித்தவர் திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ‘பிலிப்பு, அனலைதீவு’ என்று இருந்தது.

டொக்டர் தன் வீட்டு முன்னறையில் வைத்து நோயாளரைப் பார்ப்பவர். தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியை ஒரு பட்டியில் முட்டிக்கொண்டு இருந்தால், மறுபக்கத்திலிருந்து கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. காசைக் கண்டதும் அவர் வெளியில் இருந்த நோயாளிகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். காசை ஒட்டுப் பிளாஸ்ரரால் அந்த நெற்றிப் பட்டியில் ஒட்டினார். மறுபக்கம் போய் இருந்து வெளிச்சத்தைப் போட்டார். பழக்கத்தில், “மேலை பாரும்” என்று காசுக்குச் சொன்னார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இதுக்கு ஆரோ ஒப்பரேசன் செய்திருக்கினம்.”

“என்ன ஐயா சொல்லுறியள்?”

“வந்து பாரும். முடிக்கு மேலை ஓட்டை போட்டு, பேந்து வேறை வெள்ளியாலை அடைச்சிருக்கு. நல்ல கை. அடைச்ச இடத்திலை விட்டுப்போன வேலைப்பாட்டையும் கீறியிருக்கிறான். முடியின்ரை உச்சியிலை என்ன இருக்கவேணும்?”

“ஏதோ ஒரு அலங்காரம்.”

“அலங்காரமோ? சிலுவை இருக்கவேணும். அவர் வேதக்கார ராசா. இஞ்சை பாரும் என்ன கிடக்கெண்டு.”

நான் தாடையைத் தட்டில் வைக்கிற பக்கம் போய்விட்டேன். அவர் என்னை இழுத்து மறுபக்கம் இருத்தினார். பார்த்தேன். ஸ்பெயின் ராசாவின் முடிக்கு உச்சியில், மூன்று முனையும் தெளிவாக, ஒரு சூலம்.

“ஸ்பெயின் ராசா எப்ப சைவமானவர்?” என்று டொக்டர் கேட்டார்.

அவர் வேதக்காரர். முதல் பார்வையிலேயே அவர் கண்ணில் அது குத்திவிட்டது. நானோ இரண்டு கிழமை அந்தக் காசைக் காலையும் மாலையும் எடுத்துப் பார்த்தவன். சூலத்தையும் பார்த்திருக்கிறேன். பிறந்த நாள் முதல் கோபுரத்தில், கதவில், திருநீற்று மடலில் என்று கண்ட இடமெல்லாம் சூலம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அது ஸ்பெயின் முடியிலும் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதுபோலவே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் நுணுக்கம் இது ஒன்றுதான். கண்ணுக்கு அந்நியமானதை மட்டும் தேடாதேயுங்கள். உங்களுக்கு மிகவும் சொந்தமாகத் தெரிகிற இடத்தையும் ஒருமுறை சந்தேகித்துப் பாருங்கள்.

டொக்டர் காசைப் பிளாஸ்ரரோடு கழற்றித் தந்தார். “அடைச்ச காசு, நான் எடுக்கேல்லை. ஆனா இது ஆரோ ஒருத்தற்றை உடம்பிலை கிடந்த காசு. ஆற்றை எண்டு கேட்டனீரே?”

“இல்லை ஐயா.”

“நிறுத்துப் பாத்தீர். தட்டிப் பாத்தீர். கேக்கேல்லை” என்றார். பிறகு வெளியே பார்த்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நேரே பத்தரிடம் வந்தேன். அவர் காசை வாங்கிச் சூலத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார். ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

“இது எங்கடை அப்பற்றை கை. அவருக்கு வேறை ஒண்டும் கீறத் தெரியாது. காப்பிலை பூப் போடச் சொன்னாலும் சூலம்தான் போடுவார்.”

“அப்ப இது...”

“இரும். இன்னொண்டும் கிடக்கு. பூரணம் முந்தநாள் வந்தவ. கந்தையருக்கு மங்கலாத் தெரிஞ்ச மற்றக் கண்ணிலையும் முழுசா வெள்ளை விழுந்திட்டுதாம். கண் போட்ட பிறகுதான் விழுந்ததாம். வெள்ளியிலை ஏதும் பிழையோ பத்தர் எண்டு கேட்டவ.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“வெள்ளியிலை ஒரு பிழையுமில்லை எண்டனான். அது உண்மைதானே. நல்ல வெள்ளி. அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல? போய்ச் சொல்லவேண்டியது நீர்.”

“நீங்களும் வாருங்கோவன்.”

“நான் செய்கூலிக்காரன். லாபக் கணக்குச் சொன்னது நீர்.”

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. காலையில் திருநீறு பூசிக்கொண்டு அனலைதீவுக்குப் படகேறினேன். படகில் ஏறினபோது நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். கடலில் ஒரு அலை வந்து காசை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நல்லது என்று நினைத்தேன். அன்று கடல் குளம்போலக் கிடந்தது.

கந்தையா அண்ணை முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். மடியில் புராணப் புத்தகம். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றின சத்தத்தில், “ஆரது? செல்லாக்காசரோ? இரும், இந்தப் பாட்டை முடிச்சிட்டு வாறன்” என்று ஒரு பக்கத்தைப் புரட்டினார். பூரணமக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் அதைத் தொடவில்லை. காசை எடுத்து அவவின் கையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரட்டை, மூன்று ரூபாய், அரை ரூபாய் லாபம் எல்லாம் சொன்னேன்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெருவிரலால் அந்தச் சூலத்தைத் தடவிக்கொண்டே நின்றா.

“இவர் எட்டு மாசத்திலை பிறந்தவர். தங்காது எண்டு எல்லாரும் கைவிட்ட பிள்ளை. மாமி இந்தக் காசிலை ஓட்டை போட்டு அரைஞாண் கயித்திலை கட்டினவ. பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் இவற்றை அரையிலை கிடந்தது. பேந்து ஓட்டையை அடைச்சுச் சாமியறையிலை வைச்சவ. இவற்றை உடம்பிலை கிடந்து வேர்வை குடிச்ச வெள்ளி எண்டுதான் இதை எடுத்துக் குடுத்தனான். வெள்ளிதான் வேணுமெண்டால் என்னட்டைக் கால்சங்கிலி கிடக்கு, தம்பி.”

கந்தையா அண்ணை திடீரென்று சிரித்தார். “அப்ப அம்மாளாச்சியிட்டைப் போனது ராணியின்ரை கண்ணோ?”

“சும்மா இருங்கோ” என்றா அக்கா. பிறகு என்னைப் பார்த்தா. “அது உம்மடை வெள்ளி. உம்மடை கையாலை குடுத்தது. அப்ப அது உம்மடை நேர்த்தி. அம்மாள் கண் தந்தது உமக்குத்தான். அதுதான் உந்த ஓட்டை தெரிஞ்சிருக்கு.”

“ஓட்டையைக் கண்டது டொக்டர், அக்கா.”

“உமக்குத் தந்த கண்ணை அவ எங்கை வேணுமெண்டாலும் வைப்பா. நீர் என்ன, அவவுக்கு இடம் சொல்லுறீரோ?”

இதற்கு மறுமொழி சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. இன்றைக்கும் போதாது.

“இந்த வெள்ளியிலை கண் அடிக்கவேணும். உருக்கேக்கை குழல் ஊதுறது நீர்” என்று அக்கா முடிவாகச் சொன்னா. நான் ஓம் என்றேன். அத்தோடு போயிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் டொக்டர் வீட்டு முன்னறையில் கண்கட்டோடு இருந்து, கட்டு அவிழ்த்ததும் சுவரில் எழுத்துப் படித்தவர்களை நான் பார்த்திருந்தேன்.

“அண்ணை, அந்த டொக்டரிட்டை ஒருக்காப் போய்க் காட்டுவமே?” என்று கேட்டேன்.

“ஏன்? எனக்குக் கண்ணுக்கு என்ன? நேர்த்தி இவ வைச்சது. நான் ஆரிட்டையும் தெரியேல்லை எண்டு சொன்னனானோ? இப்பவும் படிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

அக்கா எனக்கு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினா. இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத விடயம் அது. நான் அவர்களிடம் ஏற்கெனவே ஒன்றை மறைத்துவிட்டுத்தான் வந்து நிற்கிறேன். இன்னும் ஒன்றையும் மறைத்துக்கொண்டு படகேறுவதா என்று யோசித்தேன்.

“அண்ணை, புத்தகம் தலைகீழாக் கிடக்கு.”

பக்கத்து வளவில் யாரோ பனையோலை இழுக்கிற சத்தம் கேட்டது. அண்ணையின் உதடு நின்றுவிட்டது.

“எவ்வளவு நேரமா?”

“நான் வந்ததிலை இருந்து.”

அவர் புத்தகத்தை மெல்ல எடுத்துத் திருப்பி வைத்தார். “இப்ப?”

“இப்ப சரி, அண்ணை.”

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அண்ணை புத்தகத்தின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, “அந்த டொக்டர் கைகாரனோ?” என்று கேட்டார்.

“காசுக்கே மேலை பார் எண்டு சொல்லிப் பாத்தவர்.”

“அப்ப பாப்பார்” என்றார்.

காசை நானே ஊதி உருக்கினேன். சூலம் போட்ட அடைப்புத்தான் முதலில் இளகி வழிந்தது. பிறகு முடி. தூண்களும் உலகங்களும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றன. என் கண்ணீர் புகையினால் என்று பத்தருக்குச் சொன்னேன். அவர், “ஓம், புகைதான்” என்று தானும் கண்ணைத் துடைத்தார். இந்த முறை கண் அளவாக வந்தது. பூரணமக்கா அதைக் கொண்டுபோய் அம்மனுக்குக் கொடுத்துவிட்டு, கோயில் வாசலிலேயே புருசனைப் பார்த்து, “இனி டொக்டரிட்டைப் போவம். அவ செய்யிறதெண்டால் ஒரு கை வேணும்தானே” என்றா.

காசை உருக்கிவிட்டேன் என்று டொக்டரிடம் சொன்னபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சொன்ன பிறகும் வெகுநேரம் கழுவினார். “அடைச்ச காசெண்டாலும் அப்பிடியொரு சூலம் உலகத்திலை வேறை எங்கையும் இராது, தெரியுமோ? அதுக்காகவே வாங்கியிருப்பன், ஒரு நாள் யோசிச்சிருந்தால்” என்றார். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கந்தையா அண்ணையை இருத்தி, “மேலை பாருங்கோ” என்றார்.

ஒப்பரேசன் ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரு கண்ணுக்கு முதலில், மூன்று மாதம் விட்டு மற்றதற்கு. போத்தல் அடிபோல ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். வருடப் புராணம் தொடங்குகிற அன்றைக்கு நானும் போனேன். கோயில் நிறையச் சனம். அண்ணை தகப்பனாரின் கதிரையில் இருந்து புத்தகத்தை விரித்தார். முதல் பாட்டில் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். இரண்டாவது பாட்டில் நின்று, ஒரு சொல்லை இரண்டு தரம் பார்த்தார். இரண்டு வருடமாக வாய்க்கு வந்த சந்தத்தில் ஓடின மனுசன், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி படிக்க வெளிக்கிட்டதும் வண்டில் கல்லில் ஏறினதுபோல ஆகிவிட்டது. பயன் சொல்கிற வாத்தியாருக்கு அதைவிடச் சங்கடம். போன வருடம் இந்த இடத்தில் அவர் சொன்ன பயனுக்கும் இப்போது வந்த பாட்டுக்கும் சொந்தம் கொண்டாட ஒரு சொல்கூட இல்லை. அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

முன்னுக்கு இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவருக்கு இரகசியம் சொல்வதாக நினைத்து உரக்கச் சொன்னார்: “முந்திக் கண் தெரியாமல் படிக்கேக்கை இதைவிட நல்லாயிருந்தது.”

அண்ணை கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிச் சனத்தைப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரியுமோ?”

கிழவர்தான் வேறு வழியில்லாமல் வாய் திறந்தார். “அண்ணை, புத்தகம் உங்களுக்குத் தலைகீழெண்டால் முன்னுக்கு இருக்கிற எங்களுக்கு நேர்தானே. நீங்கள் விட்ட பாட்டுகளை நாங்கள் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள்.”

பெண்கள் பக்கத்தில் பூரணமக்கா முகத்தைப் பொத்திக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகிறாவோ சிரிக்கிறாவோ எனக்குத் தெரியவில்லை. அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, விரலை அந்தச் சொல்லின் கீழே வைத்து, மீண்டும் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அன்று எட்டுப் பாட்டுத்தான் முடிந்தது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வதென்றால் நான் தந்தபடியே சொல்லுங்கள். அம்மன் என் கனவில் வந்து கேட்டதாகச் சேர்க்கவேண்டாம், அவ வரவில்லை. டொக்டரைப் பெரிதாக்க அம்மனை விடவேண்டாம், அம்மனைப் பெரிதாக்க டொக்டரையும் விடவேண்டாம். கதை ருசிக்கட்டும் என்று அந்தக் காசை நீங்கள் கேள்விப்பட்ட வேறு அரிய காசாக மாற்றவேண்டாம். என்மேல் உள்ள அன்பினால் ‘ஐயா வெள்ளியை மாற்றினார்’ என்று மெதுவாகச் சொல்லுகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதையும் செய்யவேண்டாம். நான் செய்தது களவு. அந்தச் சொல்லை அப்படியே வையுங்கள்.